மதுரை வட்டாரக் கபடிப் போட்டிக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் கமிட்டியாருக்கு, வணக்கம்.

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி நடக்கிறது. வீடு வீடாக வசூல் பண்ணி, மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து, விடிய விடிய லைட் போட்டு நீங்கள் நடத்துவதால்தான் ஆட்டம் ஊருக்குள் உயிரோடு இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு வரும் பையனைக் களத்தில் இறக்காதீர்கள்.

"நம்ம ஊர்லயா?" என்பீர்கள். போட்டி முடிந்த மறுநாள் காலையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாக்கெட்டுகளுக்கு நடுவே சிரிஞ்சும் சின்ன மருந்துக் குப்பியும் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஜிம்களில் இப்படிப் புழங்கும் மருந்துகளில் ஒன்று மெஃபென்டர்மின். ஆபரேஷனுக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி போடும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால், அதை ஏற்றுவதற்கு டாக்டர் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டிய மருந்து அது. அதைப் போட்டுக்கொண்ட பையன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்பு துடிக்கும். உதடு காய்ந்திருக்கும். சாப்பாடு வைத்தால் பசிக்கவில்லை என்பான். களைப்பு தெரியாமல் ரைடு மேல் ரைடு போவான், நாம் கைதட்டுவோம்.

இதோடு எடைப் பிரச்சினையும் சேர்கிறது. 60 கிலோ பிரிவில் ஆட 63 கிலோ பையன் என்ன செய்கிறான் என்று உங்களுக்கே தெரியும். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிறான். அதற்கும் மேலே போய், சிறுநீர் பிரியும் மாத்திரையை விழுங்குகிறான். அந்த மாத்திரை தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அந்த நிலையில் துடிப்பை விரட்டும் ஊசியும் உள்ளே போனால், களத்தில் விழுகிறவனை எழுப்ப முடியாமலே போகலாம். சர்வதேச விதிப்படி அந்த மாத்திரையும் தடை செய்யப்பட்டதுதான். வலிக்கு என்று போடுகிறார்களே டெக்சா ஊசி, போட்டி நேரத்தில் அதற்கும் தடை. உடம்பு ஏற்றப் போடும் ஸ்டீராய்டு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளரும் வயதுப் பையனுக்குப் போட்டால் எலும்பு வளர்ச்சியே சீக்கிரம் நின்றுவிடும்.

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் மாட்டுக்கு எதுவும் கொடுத்திருக்கிறார்களா என்று கால்நடை மருத்துவர் பார்த்த பிறகுதான் வாடிவாசலுக்கு விடுகிறார்கள். மாடுபிடி வீரரையும் டாக்டர் பார்க்கிறார், குடித்திருந்தால் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அதை நாம் எல்லோரும் சரி என்றுதானே ஏற்றுக்கொண்டோம்? கபடிப் பையனுக்கு மட்டும் தராசோடு ஏன் நிறுத்திக்கொள்கிறோம்?

ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் ஆட்கள் நம் ஊர்ப் போட்டிக்கு வரப்போவதில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதை 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் பார்த்தோம். பரிசோதிக்க ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். அந்தப் பயம் இங்கே யாருக்கும் இல்லை. ஆனால் நம் பையன்கள் இதே ஊரோடு நிற்கப்போவதில்லையே. மாவட்ட அணி, மாநில அணி, புரோ கபடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று கனவோடு ஆடுகிறார்கள். அங்கே ஒருநாள் சிறுநீர் மாதிரி கேட்பார்கள். உடம்பில் மருந்து இருந்தால் எப்படி வந்தது என்ற கதையெல்லாம் எடுபடாது, வீரர்தான் பொறுப்பு என்பது விதி. திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019-ல் தோகாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். பதக்கம் போனது, 4 ஆண்டு தடையும் வந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்த பெண்ணுக்கு அப்படி ஆனதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

செலவில்லாமல் உங்களால் நிறைய செய்ய முடியும். முந்தின நாள் எடை பார்ப்பதை விட்டுவிட்டு, ஆட்டத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். மாத்திரை போட்டு வற்றிய உடம்போடு அப்படியே ஆட முடியாது என்பதால் பாதிப் பேர் தங்கள் சொந்த எடைப் பிரிவுக்கே வந்துவிடுவார்கள். வீரர்கள் தங்கும் இடத்தில் கமிட்டி ஆள் இரண்டு பேர் இருக்கட்டும். சிரிஞ்சு கண்ணில் பட்டால் அந்த அணியே வெளியே, எந்தப் பெரிய ஊர் அணியாக இருந்தாலும், யார் போன் பண்ணினாலும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்பது சட்டம். எந்தக் கடையில் வாங்கினான் என்று கேட்டு மருந்து ஆய்வாளருக்குச் சொல்லுங்கள். பையனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டாம், வீட்டுக்குத் தகவல் சொன்னால் போதும். உடம்பு ஏற்றும் பவுடர் டப்பா விற்கிறவர்களிடம் கோப்பைக்குப் பணம் வாங்குவதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "ஊசி, ஊக்கமருந்து பயன்படுத்தும் அணிக்கு அனுமதி இல்லை, கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது." எடை பார்க்கிற நேரத்தில் வந்து நிற்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருமங்கலம் வட்டம்