இரண்டும் ஒரே அலைவு காலம்தான்

திருவான்மியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள முரளி,

உன் கடிதமும், கூடவே வைத்திருந்த உன் மாணவியின் செய்முறை ஏட்டுப் பக்கமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். கடற்காற்று நாலு மணிக்கு மேல்தான் வருகிறது, மற்றபடி குறையில்லை. நேரே ஊசலுக்கு வருகிறேன்.

நீளம் 1.000 மீட்டர், 20 அலைவுக்கு 40.33 நொடி, ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.71 ± 0.05 என்று எழுதியிருக்கிறாள். சென்னையின் அட்சரேகைக்கு ஜி சுமார் 9.783 வரவேண்டும். அது அவள் போட்ட எல்லைக்கு வெளியே நிற்கிறது. நூலை மறுபடி அளக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அளவு பரவாயில்லை, பிழைக் கணக்குதான் தப்பு.

ஜி-க்கான சூத்திரத்தில் மேலே நீளம், கீழே அலைவு காலத்தின் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம்) வர்க்கம். அவள் அந்த வர்க்கத்தை இரண்டு தனி அளவுகளின் பெருக்கமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 0.35 விழுக்காடு போட்டு, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்திருக்கிறாள். 0.5 வந்துவிட்டது. வர்க்கங்களைக் கூட்டுவது எதற்காக? ஒரு பிழை மேலே போகும்போது இன்னொன்று கீழே போய் ஓரளவு ஈடுகட்டலாம் என்பதற்காக. இங்கே இரண்டும் ஒரே அலைவு காலம். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியே தீரும். ஆகவே 2 × 0.35 = 0.70. நீளத்தில் 1 மில்லிமீட்டருக்கு 0.1 விழுக்காடு. அது தனி அளவு, வர்க்கமாகக் கூட்டலாம்: 0.71. முடிவு 9.71 ± 0.07. இப்போது 9.78 எல்லையின் விளிம்பைத் தொடுகிறது. (பதினோராம் வகுப்பில் எல்லாவற்றையும் நேரே கூட்டச் சொல்லித் தருகிறோமே, அது 0.70 + 0.1 = 0.80 விழுக்காடு, அதாவது ± 0.08 தரும். தப்பில்லை, பயந்த கணக்கு.)

அந்த 0.35 வந்த வழியில் இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. நிறுத்துக் கடிகாரத்தை அவள் எப்போதும் 0.2 நொடி தாமதமாகவே அழுத்துகிறாள் என்று வைத்துக்கொள். தொடங்கும்போதும் தாமதம், நிறுத்தும்போதும் அதே தாமதம். கழித்தால் காணாமல் போய்விடும். மிஞ்சுவது அழுத்தத்துக்கு அழுத்தம் மாறும் சிதறல் மட்டும். அது 0.1 நொடி என்றால் இரண்டுக்கும் சேர்த்து 0.14. 40.33 நொடியில் அதுதான் அந்த 0.35 விழுக்காடு. வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டரிலும் இதே கதைதான்: தெர்மாமீட்டர் அரை டிகிரி கூடக் காட்டினாலும் வெப்பநிலை வித்தியாசத்தில் அது தெரியாது. ஆனால் 34.2-லிருந்து 31.8-ஐக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 2.4, ஒவ்வொரு வாசிப்பிலும் 0.1 சிதறினால் அந்த 2.4-இல் 6 விழுக்காடு போய்விடும்.

நீளத்தை இன்னும் நுட்பமாக அளந்தால் 0.71 என்பது 0.70 ஆகும், அவ்வளவுதான். 20-க்குப் பதில் 50 அலைவு எண்ணச் சொல். ± 0.03-க்கு இறங்கிவிடும். குண்டு வேகமாகப் போகும் நடுப்புள்ளியில் கடிகாரத்தைத் தட்டட்டும், ஓரத்தில் வேண்டாம். எண்ணிக்கையைச் சுழியிலிருந்து தொடங்கட்டும். 'ஒன்று' என்று தொடங்கி 'இருபது' என்று நிறுத்தினால் நடந்தது 19 அலைவு, ஜி 10.7-ஐத் தாண்டும்.

வீச்சு, அதாவது குண்டு நடுவிலிருந்து விலகும் கோணம், 5 டிகிரிக்குள் இருக்கட்டும். 10 டிகிரி போனால் ஜி 0.38 விழுக்காடு குறையும், அதுவும் எப்போதும் குறையவே செய்யும். குண்டின் மையத்தை விட்டு உச்சி வரை அளப்பதும் அதே வகை. 2 செ.மீ. குண்டுக்கு ஒரு விழுக்காடு போய்விடும், பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது அசையாது. ஐந்தாறு நீளங்களுக்குச் செய்து, அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடம் போடச் சொல். அந்த ஒரு செ.மீ. வெட்டுத்துண்டில் (கோடு அச்சை வெட்டும் இடத்தில்) போய் உட்கார்ந்துவிடும், ஜி-யைத் தரும் சாய்வைத் தொடாது.

வரைபடம் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. வெட்டுத்துண்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ரவி