அந்த ஆர்கனையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் பற்றிய கட்டுரையில் புனித மிக்கேல் லூத்தரன் ஆலயத்தின் கோபுரத்தை அழகாக விவரித்திருந்தீர்கள். அங்கே ஒரு காலத்தில் இருந்து, பின்னர் அழிந்துபோன பைப் ஆர்கனை (குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் பெரிய கருவி) பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது. 1906 தீ விபத்துக்குப் பின் ஆலயம் மீண்டும் எழுந்தபோது, 1912-ல் வால்க்கர் நிறுவனம் அமைத்தது அது. ஐந்து விசைப்பலகைகள், 163 ஸ்டாப்கள் (ஒவ்வொன்றும் ஒரு தனி ஒலிநிறக் குழாய் வரிசையை இயக்கும் பிடி), 12,173 குழாய்கள்! இரண்டாம் உலகப் போரில் சேதமடைந்தது. அப்புறம் 1962-ல் வேறொரு ஆர்கன் அந்த இடத்துக்கு வந்தது. அதில் 86 ஸ்டாப்கள்தான். புதியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பைப் ஆர்கன் என்பது அந்தந்த ஆலயத்தின் சுவருக்கும் கூரைக்கும் ஏற்றபடி, குழாய் குழாயாகக் குரல் சேர்க்கப்படும் கருவி. கழற்றிவிட்டால் அந்த ஒலி வேறெங்கும் கிடைக்காது. அடுத்த முறை அதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்