எலியாவுக்குப் பின்னால் பெரூன் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். செர்பிய மக்களின் புனிதர் வழிபாடு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால், பழைய ஸ்லாவியத் தெய்வங்கள்தாம் கிறித்தவப் பெயர் சூட்டிக்கொண்டு உலவுகின்றன என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டுகளையும் திறக்கப் பார்க்கிறார் கட்டுரையாளர். சில பூட்டுகள் அதற்குத் திறக்காது.

செர்பியர்கள் இடிக்கு அதிபதியாகக் கருதும் விவிலியத் தீர்க்கதரிசி எலியாவையே எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் பழைய ஸ்லாவிய இடித் தெய்வமான பெரூன் இருக்கிறார் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வானத்திலிருந்து நெருப்பை இறக்கியதும், வறட்சிக்குப் பின் மழையை வரவழைத்ததும், நெருப்புத் தேரில் ஏறிப்போனதும் விவிலியத்து எலியாவேதான். இடியை அவர் பெரூனிடம் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. கிராமத்தார் அவருக்குச் சேர்த்துக்கொடுத்தது வேறொன்று: ஒரு சகோதரி. தீ மரியா என்று அவளை அழைக்கிறார்கள். ஆகஸ்ட் 2 தன் திருநாள் என்று எலியாவுக்குத் தெரிந்துவிட்டால், மகிழ்ச்சி மிகுதியில் இடித்து மின்னி உலகையே நொறுக்கிவிடுவாராம். அதனால் அவர் கேட்கும்போதெல்லாம் நாள் இன்னும் வரவில்லை என்றோ, போய்விட்டது என்றோ சொல்லிச் சமாளிக்கிறாளாம். அவளுடைய நாளோ ஜூலை 30, அவருடையதற்கு மூன்று நாள் முன்பு! இந்தக் குறும்பான கதையைக் கட்டுரையாளர் எப்படித் தவறவிட்டார் என்று புரியவில்லை.

பெண் புனிதரான பெட்காவின் நாளில் பெண்கள் நூல் நூற்பதில்லை, துணி துவைப்பதில்லை. இதில் பழைய பெண் தெய்வத்தின் சாயல் இருக்கலாம். ஆனால் அவருடைய திருப்பண்டங்கள், அதாவது உடலின் எச்சங்கள், பெல்கிரேடில் இருந்தவை. 1521-இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் சுலைமான் அவற்றை கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோனார். 1641-இல் அவை இன்றைய ருமேனியாவின் யாஷ் நகரைச் சேர்ந்தன. ஆனாலும் பெல்கிரேடு கோட்டையில் அவர் பெயரிலுள்ள சிற்றாலயத்து ஊற்றுநீரைப் பிடித்துச் செல்ல இன்றும் மக்கள் வருகிறார்கள். இந்தப் பற்றுக்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கும்போது, அதைத் தாண்டிக் கிறித்தவத்துக்கு முந்தைய காலத்துக்கு ஏன் ஓட வேண்டும்?

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற, குடும்பப் புனிதரின் விழாவான 'ஸ்லாவா'வுக்குக் கட்டுரை ஒரே ஒரு பத்தியை ஒதுக்கியிருப்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர். அவர் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறார். மணமாகி வரும் பெண் கணவன் வீட்டுப் புனிதரை ஏற்கிறாள். மெழுகுவத்தி, அலங்கரித்த ரொட்டி, அவித்த கோதுமை, திராட்சை மது எல்லாம் வீட்டு மேசையில்தான் வைக்கப்படுகின்றன. பாதிரியார் வரலாம், வராவிட்டால் வீட்டுத் தலைவரே ரொட்டியை வெட்டுவார். விருந்துக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. நாள் தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். தேவதூதர் மிக்கேலைக் கொண்டாடும் சில வீடுகளில் கோதுமை அவிப்பதில்லை. அது இறந்தோர் நினைவுக்கானது, அவரோ சாகாதவர் என்பது அவர்கள் வாதம். திருச்சபை இதை ஏற்பதில்லை. அந்த வீட்டார் அதைப் பொருட்படுத்துவதுமில்லை. கம்யூனிச ஆட்சியிலும் ஸ்லாவா தாக்குப்பிடித்ததற்கு, அது கோயிலைவிட வீட்டை நம்பியிருந்ததே காரணம் என்பேன்.

ஒரு திருத்தமும் உண்டு. புனித நிக்கோலாசின் நாள் டிசம்பர் 6 என்று அச்சாகியிருக்கிறது. செர்பியத் திருச்சபை பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றுவதால் அங்கே அது டிசம்பர் 19. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் வருவதால் அன்றைய விருந்தில் இறைச்சி இருக்காது, மீன்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை