லிப்ஸ்டிக் பாம் கன்றுகள்: மாறி வந்த செடியும் செடியைக் கொல்லும் பராமரிப்பு அட்டையும்

அனுப்புநர்
வாடிக்கையாளர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர், ஆன்லைன் நர்சரி நிறுவனம்.

பொருள்: மூன்று கன்றுகளுக்கான பணத்தைத் திரும்பக் கோருதல், பராமரிப்பு அட்டையைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

லிப்ஸ்டிக் பாம் என்பது மட்டைக் காம்பும் உறையும் சிவந்திருக்கும் அழகுப் பனை. 'வேர்பிடித்த லிப்ஸ்டிக் பாம், இரண்டடி' என்று விளம்பரம் செய்து, ஒன்று 1,450 ரூபாய் வீதம் தாங்கள் அனுப்பிய மூன்று கன்றுகளில் ஒன்றுகூட அந்த விவரத்துக்குப் பொருந்தவில்லை.

ஒன்று சாதாரண அரிகா பாம். மட்டைக் காம்பு மஞ்சள். அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். தண்டைச் சுற்றியிருக்கும் அடியுறையில் வெள்ளைப் பூச்சு. லிப்ஸ்டிக் பாமில் இரண்டடிப் பக்கக்கன்றாக (தாய்த்தூரின் பக்கத்தில் முளைக்கும் கன்றாக) இருந்தாலே பெரும்பாலும் காம்பில் செம்மை ஓடியிருக்கும். அரிகா மோசமான செடி இல்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் தோதும்கூட. அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றிருக்கலாம்.

மற்ற இரண்டும் சரியான இனம்தான், ஆனால் வேர்பிடித்தவை அல்ல. தொட்டியைத் தட்டி எடுத்தால் மண் அப்படியே உதிர்கிறது. கன்றின் ஒரு பக்கத்தில் தாய்த்தூரிலிருந்து வெட்டிய காயம் இன்னும் ஈரமாக இருக்கிறது. விரல் நீளத்தில் இரண்டே வேர்கள், நுனி கருகியவை. லிப்ஸ்டிக் பாமின் பக்கக்கன்று வேர்விட மாதக்கணக்காகும். அதுவரை நிழலிலும் ஈரக்காற்றிலும் வைத்திருந்துதான் விற்க வேண்டும். வெட்டிய சூட்டோடு பெட்டியில் அடைத்தால் முதலில் அடிமட்டை காயும், பிறகு குருத்து அழுகும். இரண்டில் ஒன்றில் இப்போதே குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. இனி அது பிழைக்காது.

இதைவிட மோசம் உடன் வந்த அட்டை. 'முழு வெயில், வாரம் இரு முறை நீர், மாதம் ஒரு பிடி சாம்பல், மஞ்சள் மட்டைகளை உடனே வெட்டவும்' என்கிறது. நான்கும் தவறு. மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துச் சதுப்புக் காடுகளில் நீர் தேங்கிய அமில மண்ணில் வளர்வது இது. வேலூரில் குளிர் இதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. கத்திரி வெயிலின் வறண்ட அனல்தான் எமன். மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரை 50 சதவீத நிழல்வலை வேண்டும். தினமும் நீர் வேண்டும். தொட்டியடியில் தட்டு வைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினாலும் தாங்கும். (கொசு ஒழிப்புக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் கவிழ்ப்பார்கள், எனவே மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும்.)

சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். இங்கே போர் தண்ணீரே உப்பும் சுண்ணாம்புமாக வரும்போது அதன்மேல் சாம்பலும் சேர்ந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது: புது மட்டையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் வெளுக்கும். சேமித்த மழைநீரும், தென்னைநார்க் கழிவும் இலைமக்கும் கூடுதலாகக் கலந்த மண்ணும்தான் சரி. அடிமட்டை மஞ்சளாவது பெரும்பாலும் பொட்டாசியக் குறையால். முழுதாகக் காயும் முன் அதை வெட்டினால், செடி அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த சத்தும் போய், குறை மேல்மட்டைக்கு ஏறும்.

இன்னொன்று: 'சிவந்த தண்டு' என்ற விளம்பர வாசகம். சிவப்பு இருப்பது மட்டையின் அடியுறையிலும் காம்பிலும். உறை கழன்றால் கீழே வளையத் தழும்புள்ள பச்சைத் தண்டுதான்.

மூன்று கன்றுகளின் விலையான 4,350 ரூபாயையும் அனுப்புக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கன்று வேண்டாம். அட்டையைத் திருத்தும்வரை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இந்தச் செடியை 'முழு வெயிலுக்கு ஏற்றது' என்று விற்பதை நிறுத்தவும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன்.

இணைப்பு: வெட்டுக்காயம், வேர்கள், அரிகா காம்பு, அட்டையின் இருபுறம் ஆகியவற்றின் படங்கள், விலைச்சீட்டு நகல்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்