சங்கு ஊதாத வேலை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தாலே, ‘ஒரு நிமிஷம்ப்பா, ஆபீஸ் கால்’ என்கிறாய். அதனால்தான் காகிதம்.

பொங்கலுக்கு வந்தவள் ஒரு கையில் கரும்பும் மறு கையில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தாய். இராத்திரி பதினொன்றரைக்கு, வேலை எப்பம்மா முடியும் என்று கேட்டேன். ‘அப்படி நேரமெல்லாம் இல்லப்பா’ என்றாய். அந்தப் பதிலைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் தாத்தா சின்ன வயதிலேயே மில்லுக்குள் நுழைந்தவர். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவார்களாம். 1936 ஜூலை 30 அன்று இங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூரில், அப்போது பிரிட்டிஷ் சட்டப்படி 10 மணி நேரம். தாத்தா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. மில்லில் ஷிப்ட் முடிகிற சாயங்காலச் சங்கு ஊதி வீட்டுக்கு வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைத் துண்டால் தட்டிவிட்டுத் திண்ணையில் காலை நீட்டுவார். யார் வந்து எந்த வேலை சொன்னாலும் ‘சங்கு ஊதியாச்சு’ என்பார். அவ்வளவுதான்.

சங்கு என்றால் வேலைக்கு விரட்டுகிற சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதும், வீட்டுக்குப் போ என்று சொன்னதும் அதே சங்குதான்.

நானும் ரொம்ப ஒழுங்கு இல்லை. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று எத்தனையோ நாள் அடுத்த ஷிப்டுக்கும் தறியிலேயே நின்றேன். உன் காலேஜ் பீஸ் அதில்தான் கட்டினோம். நீ ஆண்டு விழாவில் ஆடியதைப் பார்க்காமல் போனதும் அதனால்தான். ஆனால் நான் நின்ற நேரத்தை டைம் ஆபீஸ் நோட்டில் எழுதினார்கள். உன் பதினொன்றரை மணியை யார் எழுதுகிறார்கள்?

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் ஆனதே, அன்று பழைய மில்காரர்கள் நாங்கள் டீக்கடையில் ஒரே ஆட்டம். உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். ‘நாங்க இப்பவே அதுக்கு மேலதாம்ப்பா பாக்குறோம்.’ எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும். மில் மூடிய பிறகு எனக்கு வரவேண்டிய பணத்துக்கு நான் அலைந்ததையும் நீ பார்த்தவள். சங்கமும் கொடியும் இருந்தே அந்தக் கதி. உங்களுக்குச் சங்கம்கூட இல்லையே என்று நான் கேட்டால், ‘முதலாளி யாருன்னே தெரியலப்பா, யார்கிட்ட போய்க் கேக்கறது’ என்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மா வடகம் காயவைத்திருக்கிறாள், பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் லேப்டாப்பை மூடிவிட்டுப் பேசுவாய் என்று மட்டும் சொல்.

அப்பா