கொழும்புப் பேரேட்டில் ஒரு தேர்தல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொழும்பு வட்டிக்கடையில் அடுத்தாளாக (முகவருக்கு அடுத்த நிலை உதவியாளராக) இருந்த எங்கள் ஐயாவின் பேரேடுகளை அண்மையில் தூசி தட்டியபோது, 1931 ஆம் ஆண்டு ஏட்டின் வட்டிக் கணக்குகளுக்கு நடுவே, ‘தேர்தல்’ என்று பென்சிலால் எழுதிய ஒற்றைச் சொல்லைக் கண்டேன்.

1911இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் (அன்றைய சட்டமன்றத்தில்) படித்த இலங்கையருக்கென ஒதுக்கிய ஒரேயொரு இடத்துக்குத் தேர்தல் நடந்து, தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். அதிலிருந்து இருபதே ஆண்டுகளில், 1931இல், அரசியல் சீர்திருத்தத்துக்காக பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் சொத்தோ படிப்போ பாராமல் வாக்களித்து அரசாங்க சபை என்ற புதிய சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். இந்தியாவில் நமக்கு அவ்வுரிமை 1951-52 பொதுத்தேர்தலில்தான் வாய்த்தது. இலங்கை அரசாங்க சபையின் ஏழு நிருவாகக் குழுக்களின் தலைவர்களே அமைச்சர்களாயினர் என்றாலும், நிதியும் நீதியும் பாதுகாப்பும் ஆங்கில அதிகாரிகளிடமே இருந்தன. முழுத் தன்னாட்சி இல்லையென்று யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அந்த 1931 தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது மதிக்கத்தக்கது.

ஆனால், நம் பக்கத்துச் சீமைகளிலிருந்து கப்பலேறிய தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு முதலிய நிபந்தனைகளை விதித்ததை எண்ணினால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய ஏடுகள் செல்லரிக்குமுன் அவற்றைப் படியெடுத்துக் காக்கத் தங்கள் நாளிதழ் குரல் கொடுக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை.