கேட்பவர் யார் என்று முதலில் சொல்லட்டும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி கிடைத்தது. வங்கி கேட்கும் கேள்விகளுக்கான பதில்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், இனி நீயே கனடாவிலிருந்து அவர்களோடு பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். தகப்பனை இந்த வயதில் அலைய விடக்கூடாது என்ற உன் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் அனுப்பப்போவதில்லை. உன்னில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

அம்மா உனக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருப்பாள். போன மாதம் மத்தியானச் சோற்றில் கை வைத்த நேரம் தொலைபேசி அடித்தது. வங்கியிலிருந்து பேசுவதாகவும் நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டதாகவும் ஒரு பெண் குரல். மரியாதையான பிள்ளை.

"பாதுகாப்புக்காகச் சில கேள்விகள் ஐயா. பிறந்த திகதி, அம்மாவின் முழுப்பெயர்?"

"யாருடைய பாதுகாப்புக்கு, பிள்ளை?"

"உங்களுடைய பாதுகாப்புக்குத்தான் ஐயா."

"அப்படியானால் நீங்கள் வங்கிதான் என்று எனக்கு முதலில் காட்டுங்கள். கடைசியாக நான் எவ்வளவு பணம் எடுத்தேன்?"

"நீங்கள் யார் என்று உறுதிப்படுத்தாமல் அதைச் சொல்ல முடியாது ஐயா."

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சோறுதான் ஆறியது. அவள் உண்மையிலேயே வங்கியில் வேலை செய்பவள் என்பது பிறகு தெரிந்தது. என் கோபத்துக்குக் காரணமே அதுதான். கள்ளன் எப்படிப் பேசுவானோ அப்படியே பேசும்படி அந்தப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் அழைத்து வங்கியின் பெயரைச் சொன்னதும் எல்லாவற்றையும் ஒப்புவிக்கும்படி நம்மையும் பழக்குகிறார்கள். நாளைக்கு எவனாவது அதே கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கி, பென்ஷனை வழித்துக்கொண்டு போனால், "கண்டவனிடமும் ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்பதும் இவர்கள்தான்.

அடுத்த நாள் கிளைக்கே போனேன். பென்ஷன் நாள், வாசல் வரை வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவன். அவனுடைய தகப்பனும் நானும் ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். அடையாள அட்டையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், சிரித்தான். பிறகு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "ஐயா, அம்மாவின் பெயர்?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை சொல்லிவிட்டார். பெயரை மட்டுமல்ல, அப்பம்மாவின் தகப்பன் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்த்து. அப்பம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தவர் அவர். "மெத்த நல்ல மனுஷி" என்று ஒரு பெருமூச்சும் விட்டார். தம்பி பெயரைத் தட்டினான், கணினி ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'எச்' கூட வர வேண்டுமாம், எந்தக் காலத்திலோ எவரோ அப்படிப் பதிந்துவைத்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த பெயர், அவர் பெற்ற மகன் சொன்னால்கூடச் செல்லாது. கடைசியில் தம்பி மேலாளரிடம் போய், "எனக்கு ஐயாவைத் தெரியும்" என்று சொல்லித்தான் வேலை முடிந்தது.

அவனுடைய அந்த ஒரு வாக்கியம்தான் அன்று நடந்ததில் உருப்படியான அடையாளச் சோதனை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பதிவாளர் பிரிவில் மேசைக்கு மறுபக்கம் இருந்து கேள்வி கேட்டுத்தானே நான் சம்பளம் வாங்கினேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு கந்தோர் வாசலில் நின்ற கூட்டம் உனக்கு நினைவிருக்கும். உடுத்த துணியைத் தவிர ஒன்றும் இல்லாதவர்கள். அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, காணி உறுதி இல்லை. திருக்கடலூர்ப் பக்கமிருந்து ஒரு மனுஷி வந்தார். பிறந்த திகதி தெரியாது. "புயலடித்ததற்கு அடுத்த ஆடியில் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவார்" என்றார். இந்தப் பக்கத்தை 1964 டிசம்பரில் புயல் உலுக்கியது; அப்படியானால் 1965 ஆடி, ஆவணி. பழைய பதிவேட்டை இறக்கி, செல்லரித்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். தகப்பன் பெயரும் பிரசவம் பார்த்த வீடும் பொருந்தின. அதற்கு மேலும், வெளியே வரிசையில் நின்ற அவருடைய அயலவர்களிடம் தனித்தனியாகப் போய்க் கேட்டோம். சாட்சி சொன்னவர்களுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, பொய் சொன்னால் மறுநாள் வந்து நிற்க வேண்டிய வாசலும் இருந்தது. தொலைபேசியில் வரும் குரலுக்கு இதில் எது இருக்கிறது?

போர்க்காலத்தில் கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் எத்தனை சாவடிகளில் இறக்கி நடக்க விட்டார்கள்! எங்கே பிறந்தாய், எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய். கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லப் பழகிய தலைமுறை நாங்கள். அங்கேயாவது கேட்டவன் சீருடையோடு எதிரே நின்றான்.

இரகசியம் என்று வங்கி எதையெல்லாம் நினைக்கிறது என்று யோசித்துப் பார். பிறந்த திகதியா? அடையாள அட்டை இலக்கத்திலேயே அது கிடக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500ஐக் கூட்டிக்கொள்வார்கள். 1955 மார்ச் 1இல் பிறந்த ஆணின் இலக்கம் 55061 என்று தொடங்கும், பெண்ணின் இலக்கம் 55561 என்று தொடங்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு, அதை மறந்தால் ஒரு நாள் பிசகும். (பழைய கந்தோர்க்காரன் புத்தி, மன்னித்துக்கொள்.) 2016இலிருந்து வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டை நான்கு எண்ணாக முழுதாகவே போட்டுவிடுகிறார்கள். அந்த இலக்கத்தைத்தான் காப்புறுதிக்கும் சிம் அட்டைக்கும் பார்சல் வாங்குவதற்கும் கேட்கிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். பிறப்புச் சான்றிதழின் பிரதியிலோ தகப்பன், தாய், பாட்டன் வரை எல்லோரும் இருக்கிறார்கள். அதையும் பாடசாலை அனுமதியிலிருந்து கடவுச்சீட்டு வரை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று யாருக்கு ஞாபகம்?

போன கிழமை டச்பே கடற்கரையில் அம்மாவுக்குக் கச்சான் வாங்கினேன். சுருளைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், மனைவியின் பெயர், மாதச் சம்பளம், கீழே கையொப்பம். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் எழுத்துத் தெரியவில்லை. கிழித்து வீட்டு அடுப்பில் போட்டேன். அந்த மனிதர் இப்போதும் தன் தாயின் பெயரை வங்கிக்கு இரகசியமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தத் தாயின் பெயர்க் கேள்வி நம் ஊருக்காக உண்டானதும் அல்ல. 1906இலேயே அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து வங்கிக்காரர் ஒருவர், கணக்குத் திறப்பவர்களின் கையொப்ப அட்டையில் பிறந்த இடத்தையும் தாயின் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரையும் எழுதி வாங்குவதாகக் கூட்டமொன்றில் விளக்கியிருக்கிறார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், வழிப்போக்கனுக்கு அது தெரிய வழியில்லை. நம்மிடத்திலோ தலைமுறை தலைமுறையாய் வரும் குடும்பப் பெயர் என்பதே இல்லை. பெண்ணின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர், பிறகு புருஷன் பெயர், அவ்வளவுதான். அதையும் கல்யாண அட்டையில் பொன் எழுத்தில் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம். மரண அறிவித்தலில் இன்னும் விரிவு: பிறப்பிடம், வசிப்பிடம், இன்னார் தம்பதிகளின் மூத்த புதல்வி, இன்னாரின் அன்பு மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அடைப்புக்குறிக்குள் நாடு, கீழே ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கம். வங்கிகள் கேட்கும் அத்தனை கேள்விகளுக்கும் விடை ஒரே பக்கத்தில்.

வெளிநாட்டில் இந்தக் கேள்விகள் சிரிப்பாய்ச் சிரித்து வருடக்கணக்காகிறது. 2008இல் அமெரிக்காவில் துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு மாணவன் புகுந்தது எப்படி என்று நினைக்கிறாய்? பிறந்த திகதி, தபால் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றையும் இணையத்தில் தேடிப் பதில் சொல்லித்தான். 2015இல் கூகிள் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, ஆங்கிலம் பேசுகிறவர்களின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய இருபதாக இருந்தது. இந்த ஊரில் மீன் குழம்பு என்று சொன்னால் அதைவிடக் கூட வரும். மறுபக்கத்தில், அமெரிக்கப் பாவனையாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் தாங்கள் கொடுத்த பதிலே ஞாபகம் வரவில்லை. கள்ளனுக்குத் தெரிகிறது, சொந்தக்காரனுக்கு மறந்துபோகிறது! அங்கேயுள்ள தேசிய தரநிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், செல்லப்பிராணியின் பெயர் போன்ற கேள்விகளைக் கேட்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டுமே தகவல் கேட்க வேண்டும் என்கிறது. அதை முழுதாக நடைமுறைப்படுத்துவதைத்தான் தள்ளிப்போட்டார்கள்.

இனி உன் யோசனைக்கு வருகிறேன். நீ என் பதில்களைச் சொன்னால் வங்கி உன்னை நான் என்று நம்பிவிடும், பெண் குரலாக இருந்தாலும் திரையில் சரி அடையாளம் விழுந்துவிடும் என்பதுதானே உன் துணிச்சல்? நீ சொல்லி நம்புகிற வங்கி, வேறு எவள் சொன்னாலும் நம்பும். என் கைபேசியோ உன் கைபேசியோ தொலைந்தால் அந்தச் செய்தியும் அதோடு போகும். உனக்கு அதிகாரம் வேண்டும், அது நியாயம். வருகிற திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போய் என் சார்பில் நீ பேச உன் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதப்போகிறேன். நீ நீயாகவே பேசலாம், என்னைப்போல் நடிக்க வேண்டியதில்லை.

வங்கிக் கேள்விகளின் பதில்களையும் மாற்றிவிட்டேன். கிளைக்குப் போய்ப் படிவம் கேட்டு, ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களைக் கொடுத்தேன். முதல் பாடசாலை எது என்று கேட்டால் 'ஈர விறகு ஏணி' என்பது போல ஒரு விடை. (இது உண்மையான விடை அல்ல, குறித்துவைக்காதே.) தம்பி நிமிர்ந்து பார்த்தான், பிறகு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே தட்டினான். உண்மையைக் கொஞ்சம் திரித்துச் சொல்வதில் பலன் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் திரிக்கத் தோன்றும். முழுப்பொய்யாக இருக்க வேண்டும், கொப்பியில் எழுதியும் வைக்க வேண்டும். கொப்பி இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரியும். நீ வரும்போது காட்டுவாள்.

அழைப்பு வந்தால் இப்போது ஒரே பதில்தான்: "வையுங்கள், நானே எடுக்கிறேன்." பிறகு கணக்குப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு எடுப்பேன். தமிழுக்கு ஓர் இலக்கத்தை அழுத்திவிட்டு நாதஸ்வரக் கச்சேரி கேட்டபடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும், எனக்கு வேறு என்ன வேலை? கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை மட்டும் வங்கிக்காரர் கேட்டாலும் சொல்வதில்லை, அம்மாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பம்மாவின் ஆண்டுத் திவச அறிவித்தலின் வரைவைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். மருமகன் என் இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டு, "அப்படியானால் பெயர்களை எடுத்துவிடுவோமா?" என்று கேட்டாராம். வேண்டாம். பெற்ற தாயின் பெயரை ஒரு வங்கிக்காக நான் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? அவருடைய தாய் தகப்பன் பெயரும் பிறந்த ஊரும் முழுதாக, பெரிய எழுத்தில் வரட்டும். ஒளிக்க வேண்டியதை வங்கி வேறு தேடிக்கொள்ளட்டும். உங்கள் எல்லோருடைய தொலைபேசி இலக்கங்களை மட்டும் எடுத்துவிடு. தொடர்புக்கு என் வீட்டு இலக்கம் ஒன்று போதும்.

பேத்தியின் விஷயம் வேறு. தன் பெயரை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் வயது அவளுக்கு வரவில்லை. பிறந்தநாள் கேக்கில் முழுப்பெயரும் வயதும், அதற்குக் கீழே திகதி. பாடசாலையின் முதல் நாள் படத்தில் சட்டையில் பாடசாலைச் சின்னம். முகநூலிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துவிட்டு எனக்குத் தனியாக அனுப்பு. அட்டை போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.

அறிவித்தலில் அப்பம்மாவின் தகப்பனார் பெயரில் ஒரு 'ப்' விடுபட்டிருக்கிறது, திருத்து. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் இங்கே அச்சகத்தில் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா